பச்சையப்பன் பாடியதற்கு ஆதாரம்

பாகூர்க் கடைத்தெருவில் மீன் விற்க வரும் செல்வகுமாரியின் குரலை ஒரு தடவை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். இனிமையான குரல் என்று நினைத்துவிட வேண்டாம். தகரத்தை ஆணியால் கீறியது போல இருக்கும். "சங்கரா, காரப்பொடி, கெழங்கா" என்று அவள் தெருமுனையில் ஆரம்பித்தால் மூன்றாவது தெருவில் தூங்குகிற குழந்தை எழுந்துகொள்ளும். நல்லவாட்டில் படகு கரையேறுகிற நேரத்துக்குப் போய், ஏலத்தில் மீனை எடுத்து, அலுமினிய அன்னக்கூடையில் ஐஸைக் கொட்டி, பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்கிற கண்டக்டரோடு ஒரு மூச்சு சண்டை போட்டு, ஒன்பது மணிக்கு என் அச்சகத்து வாசலில் கூடையை இறக்குவாள். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் நடைமுறை.

என் பெயர் தேவநாதன். அச்சகம் என் அப்பா ஆரம்பித்தது. இப்போது பெயர்தான் அச்சகம், நடப்பதெல்லாம் ஜெராக்ஸும் பிளக்ஸும். காதணி விழாவுக்கு ஒரு பிளக்ஸ், கண்ணீர் அஞ்சலிக்கு ஒரு பிளக்ஸ், நடுவில் கட்சிக்காரர்களின் பிறந்தநாள். ஈய எழுத்துகளை எடைக்குப் போட மனசு வராமல் எழுத்துப் பெட்டியில், கேஸ் என்போம், நாலு மட்டும் வைத்திருந்தேன். காலால் மிதித்து அச்சடிக்கிற பழைய டிரெடில் மெஷினும் மூலையில் கோணிப்பையைப் போர்த்திக்கொண்டு நின்றது. அவற்றை அப்போதே பழைய இரும்புக்காரனிடம் தள்ளிவிட்டிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

செல்வகுமாரிக்கு நல்லவாட்டில் இன்னொரு பெயர் உண்டு. ஊமையன் மவ. அவள் பள்ளிக்கூடத்தில் படித்தபோதும் அதுதான் பெயர், பெண் பார்க்க வந்தவர்களிடம் ஊரார் அடையாளம் சொன்னதும் அந்தப் பெயரை வைத்துத்தான். அவள் அப்பா பச்சையப்பன் பிறவி ஊமை கிடையாது. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது அவனுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். உயிர் தங்கியது, குரல் போய்விட்டது. அதன் பிறகு பேசினால் வெறும் காற்றுதான் வரும். ஊருக்கு அது போதுமே. மனிதனுக்கு ஒரு குறை வந்தால் அதையே பெயராக வைப்பதில் நம் ஜனங்களை யாரும் மிஞ்ச முடியாது.

அந்தக் காற்றுக் குரலில், குடித்திருக்கும்போது மட்டும், பச்சையப்பன் ஒன்று சொல்வான். "நான் பாடுனவன்டா. பாகூர் ஏரிக்கரையில ராஜபார்ட்டுக்கே நான்தான்டா பாடுனேன்." குப்பத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். ஊமை பாடின கதை என்று கைதட்டிக் கேட்பார்கள். செல்வகுமாரி சிறு பெண்ணாக அந்தச் சிரிப்பையெல்லாம் பார்த்து வளர்ந்தவள். அவளுடைய அம்மாவுக்கும் ஒன்றும் தெரியாது, அவள் ஒரு நாடகத்தைக்கூடப் பார்த்ததில்லை. மகளுக்கு அப்பன் சொல்வது நிஜமா, குடிகாரன் பேச்சா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லாமல் இருந்தது. அப்பன் செத்த பிறகு அவள் கூடையோடு பாகூருக்கு வர ஆரம்பித்த முதல் மாதம், யார் மகள் என்று கேட்டுவிட்டு நான்தான் சொன்னேன்.

"உங்கப்பன் பாடினா கூட்டம் மூச்சு விடாதும்மா. நான் பக்கத்துல நின்னு கேட்டவன்."

கூடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எத்தனை தடவை சொல்லச் சொன்னாள் என்று கணக்கில்லை. அன்றிலிருந்து நான் அவளுக்குச் சித்தப்பா. தன் அப்பா பாடகன் என்ற நம்பிக்கை அவளுக்கு என் வாய்ச்சொல்லில்தான் நின்றது, வேறு எதிலும் நிற்கவில்லை.

நான் சொன்னது சத்தியம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஏரிக்கரையில் ஒரு ஊர். பெயரைச் சொல்ல மாட்டேன், அங்கே நாடகம் போட்டவர்களின் வாரிசுகள் இன்றைக்கும் என்னிடம் பத்திரிகை அடிக்க வருகிறார்கள். அங்கே மாசித் திருவிழாவுக்கு ஒவ்வொரு வருஷமும் ஊர்க்காரர்களே ரத்னகேது மகாராஜன் நாடகம் போடுவார்கள். விடிய விடியப் பாட்டு. யார் திருவிழாச் செலவை ஏற்கிறாரோ அவர் வீட்டுப் பிள்ளைக்குத்தான் ராஜபார்ட். அது ஊர் வழக்கம், கோயிலில் முதல் விபூதி வாங்குகிற மாதிரி ஒரு மரியாதை. எழுபதுகளில் ஆறேழு வருஷம் நாகராஜன் என்பவர் வீடுதான் செலவை ஏற்றது. நாகராஜன் நல்ல உயரம், சிவப்பு, கிரீடம் வைத்தால் ராஜா மாதிரியே இருப்பார். வாயைத் திறந்தால்தான் வினை. மழைக்காலத்துத் தவளை அவரைவிடச் சுதி சுத்தமாகக் கத்தும்.

அதற்கு ஊர் ஒரு வழி வைத்திருந்தது. மேடையின் இடது பக்கத்துச் சைடு திரைக்குப் பின்னால் ஒரு மைக், அந்த மைக்குக்கு முன்னால் பச்சையப்பன். மீன் கொடுக்க வந்த இடத்தில் நாடக வாத்தியார் அவன் குரலைக் கேட்டுப் பிடித்துப் போட்டிருந்தார். நாகராஜன் மேடையில் வாயசைப்பார், மேல் ஸ்தாயி வரும்போது கூட்டத்துக்கு முதுகைக் காட்டி வாளை உருவுவார். பச்சையப்பனுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் அவன் தோளோடு தோளாக நான் நின்று, ஒரு கையில் பாட்டு நோட்டும் ஒரு கையில் பேட்டரி லைட்டுமாக, ஒவ்வொரு அடியையும் அவன் காதில் மெதுவாகச் சொல்வேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அவன் நெஞ்சு ஏறி இறங்குவதை என் தோளில் உணர்ந்திருக்கிறேன்.

கூட்டத்தில் பாதிப் பேருக்கு இது தெரியும். தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளக் கூடாது என்பதும் தெரியும். குப்பத்து ஆள் ராஜாவுக்குப் பாடினான் என்று யாராவது சொன்னால் செலவு ஏற்றவர் மரியாதை என்ன ஆவது? நோட்டீஸில் 'ராஜபார்ட், இன்னிசை மன்னர் நாகராஜன்' என்று எங்கள் அச்சகத்திலேயே கோத்து அடித்தோம். போலீஸ் ஸ்டேஷனில் அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்த ஆட்கள் பட்டியலில் பச்சையப்பன் பெயரும் இருந்தது. திரைக்குப் பக்கத்தில் நிற்கிறவன் என்பதால் 'திரை இழுப்பு' என்று போட்டார்கள். அந்தப் பட்டியலையும் என் கையாலேதான் எழுதினேன்.

இன்னும் ஒன்று. நாகராஜனின் தாய்மாமன் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர். ஊரில் அவருக்கு 'சொல்தா' என்று பெயர், பிரெஞ்சில் சிப்பாய். ஒரு வருஷம் லீவில் வந்தபோது டேப் ரிக்கார்டரைக் கொண்டுவந்து மைக்செட்காரனோடு ஒட்டி உட்கார்ந்து நாடகம் முழுவதையும் பிடித்துவிட்டார். பெட்டியின் மேல் 'நாகராஜன் பாடியது, 1974' என்று எழுதினார். மருமகன் மேல் பாசம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் புவனேஸ்வரி என்று ஓர் அம்மாள் என் கடைக்கு வந்தார். வெளியூர்க் கல்லூரியில் பேராசிரியர். புதுச்சேரிக் கிராமங்களின் இசை நாடகங்களைப் பற்றி ஆவணங்களை வைத்துப் புத்தகம் எழுதுகிறவர். அவரைக் காரில் அழைத்து வந்தது நாகராஜனின் மகன் அரசு. நாகராஜன் இறந்து வெகு நாள் ஆகிறது. அரசு பரணைக் குடைந்து அப்பாவின் போட்டோக்கள், நோட்டீஸ்கள், அனுமதிப் பட்டியலின் நகல், அந்த டேப் எல்லாவற்றையும் அந்த அம்மாளிடம் கொடுத்திருந்தார். நல்ல பிள்ளை. தன் அப்பா பாடினார் என்றே அவரும் மனசார நம்பி வளர்ந்தவர்.

புவனேஸ்வரி அம்மாள் டேப்பை கம்ப்யூட்டரில் ஏற்றி, அதைப் போனில் வைத்திருந்தார். "கொஞ்சம் கேளுங்கய்யா" என்று போட்டார்.

பச்சையப்பன் என் கடையில் பாடினான். ஐம்பது வருஷத்துக்குப் பிறகு. அது மட்டும் இல்லை, ஒவ்வொரு அடிக்கும் முன்னால் மங்கலாக ஒரு முணுமுணுப்பு கேட்டது. அது என் குரல். டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"பக்கத்துல ஒருத்தர் எடுத்துக் கொடுக்கற மாதிரி கேக்குது. பிராம்ப்டரா இருக்கும்" என்றார் அந்த அம்மாள். பிறகு போனில் ரிக்கார்டை அழுத்தி மேசைமேல் வைத்துவிட்டு, "நீங்க இந்த நாடகத்தை நேர்ல பாத்தவரு. பாடினது நாகராஜன்தானே?" என்று கேட்டார்.

அரசு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பாவைப் பற்றி நல்ல வார்த்தை கேட்கக் காத்திருக்கிற முகம். எனக்கு அப்போது யாரும் கத்தியைக் காட்டவில்லை. கடையை யாரும் காலி பண்ணச் சொல்லவில்லை. இருந்தும் ஐம்பது வருஷமாகப் பழகின நாக்கு பழகின தடத்திலேயே போனது.

"நாகராஜன்தாம்மா. அவர் மாதிரி பாட ஆள் ஏது."

இதைச் சொல்ல எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

அடுத்த வாரமே செல்வகுமாரிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அரசு வீட்டுக்கு மீன் கொடுக்கப் போன இடத்தில், புத்தகம் வரப் போகிறது, டேப் இருக்கிறது என்று கேள்விப்பட்டிருக்கிறாள். கூடையை வாசலில் போட்டுவிட்டு உள்ளே ஓடி வந்தாள். வழக்கமாகக் கேட்கிற தண்ணீரைக்கூடக் கேட்கவில்லை.

"சித்தப்பா, எங்கப்பா கொரலு இருக்குதாமே! புக்கு போடறாங்களாமே! அந்தம்மா உன்ன பாத்துச்சாமே, இன்னா சொன்ன?"

"அவங்களுக்கு நேரம் இல்லம்மா. சரியா ஒண்ணும் கேக்கல."

"நீ சொல்ல வேணாமா? சரி, நானே போயி சொல்றேன். எங்கப்பாவ ஊமைன்னு சொன்ன ஒவ்வொருத்தன் வூட்டுக்கும் அந்தப் புக்க எடுத்துகினு போயி நீட்டணும் சித்தப்பா. படிடா, இன்னா போட்டுகீதுன்னு படிடான்னு சொல்லணும்."

போனாள். ஒரு நாள் வியாபாரத்தை விட்டுவிட்டு, அரசிடம் போன் நம்பர் வாங்கி, அந்த அம்மாள் தங்கியிருந்த இடத்துக்கே போனாள். புவனேஸ்வரி அம்மாள் அவளை உட்கார வைத்து, காபி கொடுத்து, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டிருக்கிறார். யார் சொன்னார்கள் என்றதற்கு இவள் 'எங்க சித்தப்பா' என்றிருக்கிறாள், அது நான்தான் என்று அவருக்குத் தெரியவில்லை. டேப்பையும் போட்டுக் காட்டியிருக்கிறார். இவள் எந்தக் குரலோடு ஒப்பிட்டுச் சொல்வாள்? பிறந்ததிலிருந்து காற்றைத்தானே கேட்டிருக்கிறாள். கடைசியில் அவர் சொன்னாராம், "உங்க அப்பா பேர் அனுமதிப் பட்டியல்ல இருக்குதும்மா, ஆனா திரை இழுப்புன்னு இருக்குது. பாடினதுக்கு ஒரு நோட்டீஸ், ஒரு சீட்டு, ஏதாவது ஆதாரம் கிடைச்சா கொண்டாங்க, கண்டிப்பா சேக்கறேன்."

அந்த ஏரிக்கரை ஊரிலும் ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டாள். மூன்று கிழவர்கள் மிச்சம் இருந்தார்கள். ஒருவருக்குக் காது கேட்கவில்லை. ஒருவர், "அதெல்லாம் யாருக்கும்மா ஞாபகம்" என்றார். இன்னொருவர் மீன் என்ன விலை என்று கேட்டாராம். ஆர்மோனியக்காரரும் வாத்தியாரும் போய்ச் சேர்ந்து இருபது வருஷம் ஆகிறது. மிச்சம் இருந்த சாட்சி நான் ஒருவன்தான்.

"ஒரே ஒரு நோட்டீஸு சித்தப்பா. உங்க பிரஸ்ஸுலதான அடிச்சாங்க. பரண்ல தேடிப் பாரேன்" என்று கெஞ்சினாள்.

இங்கே நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். புவனேஸ்வரி அம்மாளுக்குப் போன் போட்டு, 'அன்றைக்கு நான் சொன்னது பொய்யம்மா, திரைக்குப் பின்னால் நான்தான் நின்றேன்' என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு ரூபாய் செலவு இல்லை. என் வாயால் சொன்னதை என் வாயாலேயே மாற்றிச் சொல்ல எனக்கு வெட்கம். அரசு முகத்தில் எப்படி முழிப்பது என்ற பயமும் இருந்தது. என் புத்தி வேறு வழியில் வேலை செய்தது. காகிதம்தானே வேண்டும் என்கிறார்கள், காகிதம் அடிப்பதுதானே என் தொழில்?

உண்மையைத்தானே அடிக்கிறோம் என்று சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

பரணில் ரோஸ் கலர் நோட்டீஸ் பேப்பர் பழைய கட்டு ஒன்று, விளிம்பெல்லாம் பழுத்துக் கிடந்தது. கேஸ்களைத் துடைத்து இரண்டு மத்தியானம் உட்கார்ந்து எழுத்துக் கோத்தேன். கண்புரை ஆபரேஷன் ஆன கண். ஒவ்வொரு எழுத்தாகக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கோத்தேன். அந்தக் காலத்து வாசகங்கள் எல்லாம் விரலில் தானாகவே வந்தன. 'பெரியோர்களே, தாய்மார்களே, காணத் தவறாதீர்கள்.' ராஜபார்ட் நாகராஜன் பெயரை இருந்த இடத்திலேயே வைத்தேன். அதற்குக் கீழே சேர்த்தேன்: 'ராஜபார்ட்டுக்குப் பின்பாட்டு, நல்லவாடு இன்னிசைக் கோமான் பச்சையப்பன்.' கோத்த எழுத்தைக் கட்டி முடித்து, டிரெடிலை மிதித்து, நாலு காப்பி எடுத்து மூன்றைக் கிழித்துப் போட்டேன். ஒன்றை வெயிலில் காய வைத்து, டீத் தண்ணீரைத் தெளித்து, நாலாக மடித்து ஒரு வாரம் பழைய டைரிக்குள் வைத்தேன். பார்த்தால் ஐம்பது வருஷத்துக் காகிதம்தான். என் வாழ்க்கையில் அவ்வளவு அழகாக ஒரு நோட்டீஸ் அடித்தது கிடையாது.

செல்வகுமாரியிடம் அதைக் கொடுத்து, "பரண்ல இருந்துச்சிம்மா" என்றேன்.

எட்டாவது வரை படித்தவள். விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'இன்னிசைக் கோமான் பச்சையப்பன்' என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது. சத்தம் போட்டு அழுதாள், கடைத்தெருவே எட்டிப் பார்த்தது. "எங்கப்பா, எங்கப்பா" என்று ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களிடமெல்லாம் காட்டினாள். அன்றைக்குக் கூடையில் இருந்த வவ்வால் மீன் ஐந்தையும் என் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். என் சம்சாரம் குழம்பு வைத்தாள். நானும் சப்புக்கொட்டிச் சாப்பிட்டேன், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நோட்டீஸை பிளாஸ்டிக் கவரில் போட்டுப் புவனேஸ்வரி அம்மாளிடம் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

பத்து நாள் கழித்து அந்த அம்மாள் தனியாக என் கடைக்கு வந்தார். கையில் ஒரு பை. அதிலிருந்து எங்கள் அச்சகத்துப் பழைய நோட்டீஸ்கள் பதினொன்றை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தார். கடைசியில் நான் அடித்ததை வைத்தார். நோட்டீஸின் கடைசி வரியில் விரலை வைத்தார்.

அச்சடிக்கிற எந்தக் காகிதத்திலும் கடைசியில் அச்சகத்தின் பெயரும் ஊரும் சின்ன எழுத்தில் இருக்க வேண்டும். சட்டம் அது. அது இல்லாத காகிதம் நம் கடையை விட்டு வெளியே போகக் கூடாது என்று அப்பா என்னைத் தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்தது. தினமும் கோக்கச் சோம்பல் என்பதால் அந்த ஒரு வரியை மட்டும் கோத்தபடியே நூலால் கட்டி கேஸின் ஓரத்தில் எப்போதும் வைத்திருப்போம். எந்த வேலை வந்தாலும் கடைசியில் அதை எடுத்துக் கீழே பொருத்துவோம். அன்றைக்கும் கை தானாகப் போய் எடுத்துப் பொருத்தியிருக்கிறது. கண் பார்க்கவே இல்லை. அதில் எங்கள் போன் நம்பர் இருந்தது. எங்கள் கடைக்குப் போன் வந்தது எண்பத்தெட்டில். 1974 மாசித் திருவிழா நோட்டீஸில், பதினாலு வருஷம் கழித்து வந்த போன் நம்பர். பக்கத்தில் இருந்த பதினொரு நோட்டீஸிலும் அது இல்லை.

"ஐயா, இது எப்ப அடிச்சது?" என்று கேட்டார். கோபம் இல்லை, வருத்தப்பட்டுத்தான் கேட்டார்.

எல்லாவற்றையும் கொட்டினேன். திரைக்குப் பின்னால் நின்றது, பேட்டரி லைட் பிடித்தது, வாயசைத்தது, பட்டியலை நானே எழுதியது, எல்லாம். "அந்த டேப்புல முணுமுணுக்கறது நான்தாம்மா" என்றேன்.

"இருக்கலாம். நீங்க எடுத்துக் கொடுத்தீங்கன்னுதான் அதுல தெரியுது. யாருக்கு எடுத்துக் கொடுத்தீங்கன்னு அதுல இல்லையே."

"பச்சையப்பனுக்கும்மா."

"நீங்க முதல்ல ஒண்ணு சொன்னீங்க. அப்புறம் நோட்டீஸ் வந்துச்சு. இப்ப இன்னொண்ணு சொல்றீங்க. நான் எதை எழுதறது? யாரும் வற்புறுத்தாம, உங்க வாயால முதல்ல சொன்னதுதான் என்கிட்ட பதிவா இருக்குது. அது மத்த ஆதாரத்தோடவும் ஒத்துப் போகுது. செல்வகுமாரி மேல இருக்கற பாசத்துல மாத்திச் சொல்றீங்கன்னுதான் யாரும் எடுத்துப்பாங்க."

அந்த அம்மாள் மேல் எனக்கு இன்றைக்கும் குறை இல்லை. தன் வேலையை ஒழுங்காகச் செய்தார். போட்டோவும் நோட்டீஸும் பட்டியலும் ஒரு டேப்பும் ஒரு சாட்சியும் ஒரே திசையைக் காட்டினால் யார்தான் வேறு திசையில் போவார்கள்? அந்தக் காகிதங்களில் பாதி என் கையால் உண்டானவை. சாட்சியும் நான். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு ஆனது என்பார்கள். நான் குரங்கைப் பிடித்தே பழகின கையால் ஒரு நாள் பிள்ளையாரைப் பிடிக்கப் பார்த்தேன்.

"செல்வகுமாரிக்கு இது தெரியாதும்மா. அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல" என்றேன். சரி என்று தலையாட்டினார். அவளிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. புத்தகம் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அந்த ஒரு வருஷமும் காலை ஒன்பது மணிக்கு அவள் கூடையை இறக்கிவிட்டு, "புக்கு எப்ப வருது சித்தப்பா?" என்று கேட்டாள். வரும் வரும் என்றேன். குப்பத்தில் எல்லோரிடமும் சொல்லிவைத்துவிட்டாள். ஊமையன் மவ என்று கூப்பிட்டவர்களிடம், "இன்னும் கொஞ்ச நாளு கூப்புடு, அப்பறம் பாப்போம்" என்று சவால் விட்டிருக்கிறாள்.

போன தை மாதம் அரசு புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். தடித்த புத்தகம், அட்டையில் கிரீடத்தோடு நாகராஜன். நன்றியுரையில் என் அச்சகத்தின் பெயரும் இருந்தது. அதை ஒளித்து வைப்பதற்குள் ஒன்பது மணி ஆகிவிட்டது.

மேசைமேல் பார்த்துவிட்டாள். கையைப் புடவையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். பின்னால் பெயர்கள் எல்லாம் அகர வரிசையில் இருக்கும் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். பச்சையப்பன், பக்கம் நூற்றி எண்பத்தேழு. தேடிப் பிரித்தாள். அங்கே அனுமதிப் பட்டியலின் போட்டோ, என் கையெழுத்து, 'திரை இழுப்பு, பச்சையப்பன், நல்லவாடு.' எதிர்ப் பக்கத்தில், ராஜபார்ட் நாகராஜனே பாடினார் என்பதை நேரில் கண்ட அச்சக உரிமையாளர் தேவநாதன் தம் நேர்காணலில் உறுதி செய்கிறார் என்று இருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு. அவள் எழுத்துக் கூட்டி வாய்விட்டே படித்தாள். நான் எழுந்து தடுக்கக்கூட இல்லை.

"திரை இழுப்பாளர் ஒருவரின் மகள், தம் தந்தையே பாடியவர் என நிறுவும் பொருட்டு, அண்மையில் அச்சிடப்பட்ட போலி நோட்டீஸ் ஒன்றை ஆய்வாளரிடம் அளித்தார். வாய்மொழித் தகவல்களை ஆவணங்களோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு."

'போலி' என்ற இடத்துக்குத் திரும்பப் போய் இன்னொரு தரம் படித்தாள்.

"சித்தப்பா, அந்த நோட்டீஸு பரண்ல இருந்துச்சின்னுதான சொன்ன?"

"இல்லம்மா. நான்தான் அடிச்சேன்."

"எப்ப?"

"நீ கேட்ட பிறகு."

வாசலில் யாரோ மீன் கேட்டார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"நாகராஜன்தான் பாடுனாருன்னு இதுல உன் பேரு போட்டுகீதே. அது?"

"அதுவும் நான் சொன்னதுதான். பொய். அரசு பக்கத்துல இருந்தாரு, வாய் வரல. ஆனா உங்கப்பன் பாடினான்மா. என் காதுக்கிட்ட பாடினான். அது நிஜம்."

"சாமி மேல சத்தியமா?"

"திரௌபதி அம்மன் மேல சத்தியமா."

என்னைத் திட்டுவாள் என்று இருந்தேன். அவள் நாக்கு எவ்வளவு கூர்மை என்று கண்டக்டர்களைக் கேட்டால் தெரியும். மீன் கத்தியால் வெட்டியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் புத்தகத்தை மூடி, இருந்த இடத்திலேயே நேராக வைத்தாள். முகத்தில் கோபமே இல்லை. என்னைப் பார்த்து அவளுக்கு இரக்கம் வந்துவிட்டிருந்தது.

"ஊமையன் மவளாச்சேன்னு பாவப்பட்டுதான் எங்கப்பா பாடுனாருன்னு இத்தினி வருசமா சொல்லிகினு இருந்தியா சித்தப்பா?"

"அய்யோ, இல்லம்மா. நிஜமாவே பாடினான்."

"உடு சித்தப்பா. எனக்கோசரம் நீ இன்னும் எத்தினி பொய்தான் சொல்லுவ" என்றாள். குனிந்து கூடையைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.